ரிலேக்கு என்ன தெரியும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் மோட்டார் பேனலைத் திறந்து பாருங்கள். பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று, ஒரு காண்டாக்டர். பச்சையை அமுக்கினால் காண்டாக்டரின் காயிலுக்குக் கரண்ட் போகிறது. காயில் காந்தமாகி இரும்புத் துண்டை இழுக்கிறது. மோட்டாருக்கு மூன்று ஃபேஸும் கிடைக்கிறது. அதே இழுப்பில் பக்கத்திலுள்ள, சாதாரணமாகத் திறந்திருக்கும் (என்ஓ) சின்னக் காண்டாக்ட் ஒன்றும் மூடிக்கொள்கிறது. அதைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒயர் போட்டு வைத்திருப்பார்கள். விரலை எடுத்த பிறகு அந்தச் சின்னக் காண்டாக்ட் வழியாகத்தான் காயிலுக்குக் கரண்ட் வருகிறது. காண்டாக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது. சிவப்பை அமுக்கினால் பிடி விட்டுப்போகும். இதற்கு எலெக்ட்ரீஷியன்கள் வைத்த பெயர் 'ஹோல்டிங்'. ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன் முதலில் கற்றுக்கொள்ளும் ஒயரிங் இது. மோட்டார் ஓடத் தொடங்கி விரலை எடுத்ததும் நின்றால், மூத்தவர் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்: "ஹோல்டிங் நிக்கல தம்பி, என்ஓ காண்டாக்டப் பாரு."

இந்த ஒயரிங்கில் தத்துவத்துக்கும் வேலை இருக்கிறது. இரண்டு பொத்தான்களையும் யாரும் தொடாத நேரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டும் இருக்கலாம், நின்றுகொண்டும் இருக்கலாம். வெளியிலிருந்து வரும் தூண்டல் ஒன்றுதான், விளைவு வேறு. ஆகவே தூண்டலையும் விளைவையும் மட்டும் பட்டியல் போட்டு இந்தப் பேனலை விளக்கிவிட முடியாது. சற்று முன் யாரோ பச்சையை அமுக்கியது உள்ளே ஏதோ ஒரு வடிவில் தங்கியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உளவியலில் கோலோச்சிய நடத்தைவாதிகள் மனிதரைப் பற்றி ஒப்புக்கொள்ள மறுத்தது இந்த உள்நிலையைத்தான். பின்னால் வந்த ஃபங்ஷனலிசம், தமிழில் செயற்பாட்டுவாதம், உள்நிலைக்கு மீண்டும் இடம் கொடுத்தது. அது எதனால் ஆனது என்று கேட்காதே என்றது. எது அதை உண்டாக்குகிறது, அது எதை உண்டாக்குகிறது, மற்ற உள்நிலைகளோடு எப்படிக் கோத்திருக்கிறது, இவைதான் வலிக்கும் ஆசைக்கும் நம்பிக்கைக்கும் அடையாளம் என்றது. அந்தக் கொள்கை பிறக்க உதவிய பொருள்களில் ரிலேயும் ஒன்று. காண்டாக்டர் என்பது பெரிய கரண்டைத் தாங்கும் ரிலேதான். அது கும்மிடிப்பூண்டிக்கு வந்தது சுற்றுவழியில்.

1830களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜோசப் ஹென்றி ஒரு மின்காந்தத்தைக் கொண்டு இன்னொரு மின்சுற்றை இயக்கிக் காட்டினார். நீளமான ஒயரில் தேய்ந்து வரும் கரண்டுக்கு வேலை செய்யத் தெம்பில்லை. ஆனால் லேசான ஒரு தகட்டை அசைக்கும் அளவு தெம்பு இருக்கும். அந்தத் தகடு அசைந்து புதிய பாட்டரியின் சுற்றை மூடினால் செய்தி மறுபடி முழு பலத்தோடு கிளம்பும். தந்தி கண்டம் தாண்டியது இப்படித்தான். 1872இல் வில்லியம் ராபின்சன் தண்டவாளங்களையே ஒயராக்கினார். ஒரு முனையில் பாட்டரி, மறுமுனையில் ரிலே. வண்டி வந்ததும் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடும், ரிலேக்குக் கரண்ட் போய்ச் சேராது, தகடு விழும், சிக்னல் சிவப்பாகும். பாட்டரி தீர்ந்தாலும் சிவப்பு, ஒயர் அறுந்தாலும் சிவப்பு.

ரயில் என்றதும் நம் ஊர்ப் பெயர்கள் வரத் தொடங்குகின்றன. மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் எட்வர்ட் வாலர் ஸ்டோனி. அவர் மகள் ஈதல் சாரா 1881இல் கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரில் பிறந்தார். மதராஸ் மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி ஜூலியஸ் டூரிங்கை மணந்தார். கணவர் வேலை பார்த்த சத்ரபூர் இன்று ஒடிசாவில் இருக்கிறது, அன்று மதராஸ் மாகாணம். அங்கே கருவுற்று, இங்கிலாந்து போய், 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பெற்ற பிள்ளைதான் ஆலன் டூரிங். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக ஹவுராவுக்குப் போகும் தடத்தில்தான் சத்ரபூர் இருக்கிறது. போத்தனூரிலோ இன்று தென்னக ரயில்வேயின் சிக்னல் - தொலைத்தொடர்புப் பட்டறை இயங்குகிறது. சிக்னலுக்கான ரிலேக்கள் செய்யும் பட்டறை. ஒரு நாவலாசிரியர் இப்படி முடிச்சுப் போட்டிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று புத்தகத்தை மூடியிருப்போம்.

டூரிங் 1936இல் எழுதிய கட்டுரையில் வரும் இயந்திரம் யாரும் கட்டாத இயந்திரம். தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போடும் ஒரு குமாஸ்தாவை அவர் மனத்தில் வைத்துக்கொண்டார். குமாஸ்தா ஒரு குறியைப் பார்க்கிறார். தாம் அப்போதிருக்கும் மனநிலைக்கு ஏற்ப ஒன்றை எழுதுகிறார். அடுத்த மனநிலைக்கு மாறுகிறார். இங்கே மனநிலை என்பது சோகமோ சந்தோஷமோ கிடையாது. 'இதைப் பார்த்தால் இதைச் செய், பிறகு அந்த நிலைக்குப் போ' என்று சொல்லும் அட்டவணையில் ஒரு வரி, அவ்வளவே. 1937இல் பிரின்ஸ்டனில், ஹென்றி ரிலே செய்த அதே ஊரில், இயற்பியல் துறையின் பட்டறையில் தாமே காயில் சுற்றி ரிலேக்கள் செய்து, இரும எண்களைப் பெருக்கும் கருவி ஒன்றின் முதல் சில கட்டங்களைக் கட்டினார். அதே ஆண்டு எம்.ஐ.டி. மாணவர் கிளாட் ஷானன் தம் முதுகலை ஆய்வேட்டில், ரிலே காண்டாக்ட்களைத் தொடராக இணைப்பது தர்க்கத்தின் 'மற்றும்', பக்கவாட்டில் இணைப்பது 'அல்லது' என்று காட்டினார். 1941இல் பெர்லினில் கொன்ராட் சூசே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்களால் முழுக் கணினி ஒன்றையே ஓட்டிவிட்டார்.

பிறகு வால்வு வந்தது, டிரான்சிஸ்டர் வந்தது, கணினியிலிருந்து ரிலே வெளியேறியது. ஹோல்டிங் வெளியேறவில்லை. எக்கிள்ஸும் ஜோர்டனும் 1918லேயே இரண்டு வால்வுகளை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்படி கோத்திருந்தார்கள். ஃபிளிப்-ஃபிளாப் என்ற அந்தச் சுற்றின் வாரிசுகள் இன்றைய சிப்புகளுக்குள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. 1950இல் 'மைண்ட்' இதழில் எழுதிய கட்டுரையில் டூரிங் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்: கணினியும் நரம்பும் மின்சாரத்தில் இயங்குகின்றன என்ற ஒற்றுமையைப் பார்த்து மயங்க வேண்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாபேஜ் திட்டமிட்ட இயந்திரம் முழுக்கப் பல்சக்கரங்களால் ஆனது, கணக்கைப் பொறுத்தவரை அதுவும் இதுவும் சமம்.

இந்த விதையை மரமாக்கியவர் தத்துவவாதி ஹிலரி பட்னம். அவரும் பிரின்ஸ்டனில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. 1960இல் வெளிவந்த 'மனங்களும் இயந்திரங்களும்' என்ற கட்டுரையில் ஒரு இயந்திரம் தன்னைப் பற்றிப் பேசினால் என்னாகும் என்று பார்க்கிறார். 'நான் இன்ன நிலையில் இருக்கிறேன்' என்பதும் '36ஆம் ஃபிளிப்-ஃபிளாப் ஆன் ஆகியிருக்கிறது' என்பதும் ஒரே செய்தியா? ஒன்று அட்டவணையின் மொழி, மற்றது இரும்பின் மொழி. 'எனக்கு வலிக்கிறது' என்பதற்கும் 'என் மூளையில் இன்ன நரம்பிழை துடிக்கிறது' என்பதற்கும் நடுவே உள்ள பழைய புதிர் இயந்திரத்துக்கும் அப்படியே வந்துவிடுகிறதே! அப்படியானால் அது ஆன்மாவைப் பற்றிய ரகசியமாக இருக்க வேண்டியதில்லை.

1967இல் இன்னும் ஒரு படி மேலே போனார். வலி என்பது மூளையின் குறிப்பிட்ட ஒரு பௌதிக நிலையே என்று அப்போது பலர் சொல்லி வந்தார்கள். பட்னம் ஆக்டோபஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்பார்களே, அது. அதன் நரம்பமைப்பு நம்முடையதைப் போல இல்லை. அதற்கும் வலிக்கும் என்றால், வலி என்பது நம் மூளைக்கு மட்டும் சொந்தமான ஒரு ரசாயனமாக இருக்க முடியாது. காயத்தால் தூண்டப்படுவது, உடம்பைப் பின்வாங்க வைப்பது, இது நிற்க வேண்டும் என்ற தவிப்பை எழுப்புவது: இந்த வேலையை எது பார்க்கிறதோ அது வலி.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் மணிமேகலை நினைவுக்கு வரலாம். வஞ்சியில் அவள் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் கேட்டு வரும்போது பூதவாதி ஒருவரும் பேசுகிறார். தாதகிப் பூவும் வெல்லக் கட்டியும் மற்றவையும் சேர்ந்தால் கள்ளின் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறார். உடம்புக்கு வெளியே உயிர் என்று தனிப் பொருள் வேண்டாம் என்பதில் அவரும் பட்னமும் ஒரு கட்சி. ஆனால் பூதவாதிக்குச் சரக்கு முக்கியம், பூவை மாற்றினால் களிப்பு மாறிவிடும். பட்னமுக்குக் கோர்வைதான் முக்கியம். எனக்குப் பூதவாதியைத்தான் பிடிக்கும், வாதத்தில் பட்னம் ஜெயித்தாலும்.

பட்னம் ஆக்டோபஸைப் பற்றி எழுதிய அடுத்த ஆண்டே, தத்துவம் எதுவும் படிக்காத ஒரு தொழில் அதே முடிவுக்கு வந்தது. கார் ஆலைகளில் ஒவ்வொரு புதிய மாடலுக்கும் ரிலே பேனல்களைப் பிய்த்தெறிந்து புதிதாக ஒயர் போட வேண்டியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கு மாற்று கேட்டது. பொறியாளர் டிக் மோர்லி 1968 புத்தாண்டு நாளில், முதல் நாள் கொண்டாட்டத்தின் தலைவலியோடு ஒரு குறிப்பு எழுதியதாக அவரே சொல்லிக்கொள்வார். அதிலிருந்து வந்தது 'மோடிகான் 084', அவர் நிறுவனத்தின் 84ஆவது திட்டம். பி.எல்.சி. என்று நாம் இன்று சொல்லும் பெட்டிகளுக்கு மூத்தது அது. அதன் சாமர்த்தியம், எலெக்ட்ரீஷியன்களைப் புதிய மொழி கற்கச் சொல்லாததில் இருக்கிறது. ரிலே சுற்றை ஏணிப் படிகள் போல வரையும் பழைய படத்தையே ப்ரோகிராமாக ஏற்றுக்கொண்டது. படத்தில் காயில் உண்டு, என்ஓ, சாதாரணமாக மூடியிருக்கும் என்சி காண்டாக்ட் உண்டு, ஹோல்டிங்கும் உண்டு. பெட்டிக்குள் இவை எதுவும் இல்லை. இன்புட்டுகளைப் படிக்கிறது, படிகளை மேலிருந்து கீழாகக் கணக்கிடுகிறது, அவுட்புட்டுகளை எழுதுகிறது, சில மில்லிசெகண்டில் மறுபடியும் தொடங்குகிறது. ரிலே செத்து, அதன் உத்தியோகம் மட்டும் உயிரோடு இருக்கிறது. செயற்பாட்டுவாதத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எந்தத் தத்துவப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

கும்மிடிப்பூண்டியின் ரோலிங் மில்களிலும் இந்த மாற்றம் நடந்தது. லூப்ரிகேஷன் பம்ப் ஓடாமல் மெயின் மோட்டார் கிளம்பக் கூடாது, கம்பி கூலிங் பெட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்தது நகர வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை முன்பு ரிலேக்களும் டைமர்களும் அடங்கிய அலமாரிகள் கவனித்தன. இன்று உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று போதும். நிபந்தனையை மாற்ற ஸ்க்ரூ டிரைவருக்குப் பதில் லேப்டாப். மோட்டாரை நேரடியாக இழுக்கும் காண்டாக்டர் மட்டும் அதே இடத்தில் அதே 'டக்' சத்தத்தோடு இருக்கிறது. அந்தக் காண்டாக்டர்களை நெடுங்காலம் இந்தியா முழுக்க விற்ற எல் அண்ட் டி தன் மின்சாதனப் பிரிவை 2020இல் ஷ்னைடருக்கு விற்றது. மோடிகான் அதற்கு முன்பே ஷ்னைடரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ரிலேயும் ரிலேயை ஒழிக்க வந்ததும் இப்போது ஒரே வீட்டில்.

ரிலேயின் வேலையை முழுதாக எடுத்து எழுதிவிட்டோமா என்ற கேள்வி கரண்ட் போகும்போது எழுகிறது. கரண்ட் போனால் காயில் காந்தத்தை இழக்கும், ஹோல்டிங் விடும். கரண்ட் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது; யாராவது வந்து பச்சையை அமுக்க வேண்டும். மின்தடை நேரத்தில் ரோலருக்குள் கைவிட்டுச் சிக்கிய கம்பியை எடுப்பவரின் கை மிஞ்சுவது இந்த மறதியால்தான். ரிலேக்கு இது இயற்கை, யாரும் சொல்லித்தர வேண்டாம். பி.எல்.சி.யிலோ கரண்ட் போனாலும் அழியாத நினைவு உண்டு. எதை மறக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ப்ரோகிராம் எழுதுகிறவர் தீர்மானிக்க வேண்டும். காகிதத்தில் இரண்டு பேனலும் ஒன்றுதான் என்று எழுதியவர் மின்தடையை ஒரு தூண்டலாகச் சேர்க்க மறந்திருந்தால், அவர் எழுதிய 'ஒன்று' உண்மையில் இரண்டு. எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானை ப்ரோகிராமுக்குள் விடாமல் நேரடி ஒயரிங்கிலேயே வைக்கும் வழக்கம் வெகுகாலம் நீடித்ததற்கும் இந்தப் பயமே காரணம்.

ஆலையின் மதிலுக்கு வெளியே ரயில்வேயின் ரிலேக்கள் வேறு வாழ்க்கை வாழ்கின்றன. எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் வந்துவிட்ட நிலையங்களிலும் சிக்னலுக்கும், வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்டுக்கும் பக்கத்தில் ரிலே நிற்கிறது. ஆலை ரிலேயில் காண்டாக்ட் இரண்டும் உலோகம். ரயில்வேயின் ஒரு வகை ரிலேயில் ஒன்று உலோகம், எதிரே இருப்பது வெள்ளி கலந்த கரி. உலோகமும் உலோகமும் பெரிய கரண்டில் வெல்டாகி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினால் காயில் அணைந்த பிறகும் காண்டாக்ட் விடாது. சிவப்பாக வேண்டிய சிக்னல் பச்சையாகவே எரியும். கரி வெல்டாகாது. தகடும் தன் எடையாலேயே கீழே விழும்படி செய்யப்பட்டிருக்கும், ஸ்பிரிங் களைத்துப்போகும் பிரச்சினை இல்லை. பூதவாதி இதைப் பார்த்தால் சிரித்திருப்பார்: சரக்கு முக்கியமில்லை என்றீர்களே?

ஆனால் இதில் செயற்பாட்டுவாதி தோற்றுவிடவில்லை என்றே நினைக்கிறேன். இரு பக்கமும் உலோகமுள்ள சீமென்ஸ் வகை ரிலேக்களையும் இதே ரயில்வே பயன்படுத்துகிறது. அங்கே ஒவ்வொரு ரிலேயும் உண்மையிலேயே விழுந்துவிட்டதா என்று இன்னொரு சுற்று சரிபார்த்த பிறகுதான் அடுத்த வேலை நடக்கும். கரி செய்ததைக் கோர்வை செய்கிறது. எப்படிப் பழுதாக வேண்டும் என்பதையும் வேலையின் பகுதியாக எழுதிவிட்டால் பொருள் மீண்டும் பின்னுக்குப் போகிறது. மனத்தின் விஷயத்திலும் தத்துவவாதி நெட் பிளாக் 1978இல் ஒரு நாட்டின் மக்கள் அத்தனை பேரையும் ரேடியோவில் இணைத்து மூளை போல இயங்கவிட்டால் அதற்கு வலிக்குமா என்று கேட்டார். பிரபலமான கேள்விதான். அதற்கு ஆமென்பவரும் இல்லையென்பவரும் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு வந்தவர்களாகவே தெரிகிறார்கள்.

உண்மையான சிக்கல் ஒயர் போகும் இடத்தில் இருக்கிறது. 2023 ஜூன் 2 அன்று ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹானகா பஜார் நிலையத்தில் மெயின் லைனுக்கான பச்சை சிக்னலைப் பார்த்து வேகமாக வந்தது. பாயிண்ட் பக்கத்துத் தடமான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் சுற்றில் முன்பு செய்த மாற்றங்களில் இருந்த தவறும், அன்று லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலையில் நேர்ந்த தவறும் சேர்ந்து பொய்யான சிக்னலைக் கொடுத்தன என்று ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. எந்த ரிலேயும் கெட்டுப்போகவில்லை. 'பாயிண்ட் மெயினில் இருக்கிறது' என்ற உள்நிலை தன் வேலையை அட்டவணைப்படியே செய்தது: அது வந்தால் பச்சை, பச்சை கொடுத்தது. ஆனால் அந்த நிலைக்கும், அது யாரைப் பற்றிப் பேச வேண்டுமோ அந்தப் பாயிண்டுக்கும் நடுவே இருந்த தொடர்பு அறுந்துவிட்டிருந்தது.

2024 அக்டோபர் 11 இரவு, கும்மிடிப்பூண்டிக்கு முந்தைய நிலையமான கவரைப்பேட்டையில், மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனுக்கு சிக்னல் பெற்று லூப் லைனில் நுழைந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை, காயமடைந்தவர்கள் உண்டு. இங்கும் சிக்னல் சொன்னது ஒன்று, தண்டவாளம் காட்டியது வேறு.

பட்னம் தம் கொள்கையைத் தாமே கைவிட்டதற்கு ஒரு காரணம் இதே இடத்தில்தான் இருக்கிறது. 1975இல் அவர் ஒரு கற்பனைக் கிரகத்தைப் படைத்தார். எல்லாம் பூமியைப் போலவே; அங்கே தண்ணீராகப் புழங்கும் திரவம் மட்டும் வேறு வேதிப்பொருள். அங்கே என் மறுபிரதி ஒருவர் 'தண்ணீர்' என்கிறார். அவர் தலைக்குள்ளும் என் தலைக்குள்ளும் கோர்வை ஒன்றுதான், ஆனால் நாங்கள் இருவரும் பேசுவது வெவ்வேறு பொருளைப் பற்றி. அப்படியானால் எண்ணம் எதைப் பற்றியது என்பதைத் தலைக்குள் இருக்கும் அட்டவணை மட்டும் தீர்மானிப்பதில்லை. 1988இல் எழுதிய 'பிரதிநிதித்துவமும் யதார்த்தமும்' நூலில் அட்டவணைக் கொள்கையிலிருந்து முழுதாக விலகிக்கொண்டார். 2016இல் இறக்கும்வரை அதற்குத் திரும்பவில்லை. கொள்கையை இன்னும் காப்பாற்றுகிறவர்கள், ஒயரை உலகம் வரை நீட்டி அதையும் வேலைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வோம் என்கிறார்கள். நியாயமான பதில். ஆனால் அப்படி நீட்டினால் மனம் என்பது பெட்டிக்குள் இருக்கும் ஒன்று என்ற நினைப்பை விட வேண்டிவரும். பெட்டிக்குள் மனத்தைச் செய்துவிட்டோம் என்று இன்று சொல்கிறவர்களுக்கு அது அவ்வளவு சௌகரியமாக இருக்காது.

பஹானகா பஜாருக்குப் பிறகு ரிலே அறைகளுக்கு இரட்டைப் பூட்டு போட உத்தரவு வந்தது. சிக்னல் சுற்றில் கை வைத்தால் செய்ய வேண்டிய ஒரு சோதனை முன்பே நடைமுறையில் உண்டு. ஒருவர் நிலையத்தில் பேனல் முன் நிற்பார். இன்னொருவர் தண்டவாளம் ஓரமாகவே நடந்து பாயிண்டுக்குப் போவார். பேனலில் இருப்பவர் பாயிண்டைத் திருப்புவார். வெளியே நிற்பவர் இரும்பைக் கண்ணால் பார்த்துப் போனில் "நார்மல்" என்றோ "ரிவர்ஸ்" என்றோ சொல்வார். பேனலில் எரியும் விளக்கு அதையே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாயிண்டுக்கும், இரண்டு பக்கமும் திருப்பி.